நாலாம் பக்கமும் ஒரு திருக்கை வாலும்

என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் '1999 மார்ச்சில் தொடங்கியது' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்திருக்கிறேன். இடது பக்கத் தலைப்பு 'பிலிப்பைன்ஸ்'. வலது பக்கத் தலைப்பு 'நம்மூர்'.

பிலிப்பைன்ஸை நான் பார்த்ததில்லை. கிழக்கே நான் போன அதிகபட்ச தூரம் மாமல்லபுரம் கடற்கரைதான், அதற்கப்புறம் தண்ணீர். ஆனால் அந்த ஒரு வருடம் அந்த நாட்டுப் பேய்களும் பூதங்களும் எங்கள் சிங்கப்பெருமாள் கோயில் வீட்டில் எங்களோடு குடியிருந்தன என்றே சொல்லவேண்டும். அவற்றைக் கடிதத்தில் அனுப்பிவைத்தவர் என் தங்கையின் கணவர்.

அவருக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. 1999 ஜனவரி கடைசியில் அவர் கப்பல் ஏறியபோது, என் தங்கை உண்டாகியிருப்பது உறுதியாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு இரண்டு தவறியிருந்தன. முதலாவது 1996இல், நான்காம் மாதத்தில். இரண்டாவது 1998 ஜூலையில், ஏழாம் மாதத்தில். இரண்டாவதன் முகத்தை அவள் பார்த்தாள். ஆகவே இந்த முறை செங்கல்பட்டு டாக்டரம்மா, "படுத்தே இருக்கணும், மனசுல எந்த பயமும் வரக்கூடாது" என்று சொன்னதும், நான்காம் மாதமே அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா போனபிறகு கோயிலுக்கு மாலை கட்டும் கைங்கரியத்தை அம்மா விடாமல் செய்துவந்தாள்.

கப்பலில் சமையல்காரர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். மூன்று வேளையும் சோறு போடுகிற மனிதர் என்பதால் மாப்பிள்ளைக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. வேலை முடிந்ததும் போய் வெங்காயம் உரித்துக் கொடுப்பாராம். அவர் பதிலுக்குக் கதை சொல்வாராம். அந்தக் கதைகள் மாப்பிள்ளையின் கையெழுத்தில் எங்களுக்கு வந்தன.

கப்ரே என்று ஒருவன். பெரிய மரத்தின் கிளையில் உட்கார்ந்திருக்கும் கறுத்த ராட்சதன். இருட்டியபின் மரத்தின் மேல் ஒரு தீப்புள்ளி தெரிந்தால், அது அவன் சுருட்டு. இதைப் படித்ததும் நான் வலது பக்கத்தில் எழுதினேன்: 'முனி. புளியமரம். சுருட்டு இருவருக்கும் பொது.' திக்பாலாங் என்று இன்னொருவன். குதிரைத் தலை, மனித உடம்பு. உட்கார்ந்தால் முழங்கால் தலைக்கு மேலே போகுமாம். வழிப்போக்கர்களைச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து விடுவான். சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டால் வழி தெரிந்துவிடும். வலது பக்கத்தில்: 'குதிரை முகம் நமக்குத் தெய்வம். வழி தப்பவைப்பது இங்கே கொள்ளிவாய்ப் பிசாசின் வேலை. சட்டை வைத்தியம் நம்மிடம் இல்லை.' புற்றுக்குள் ஒரு குள்ளக் கிழவன் இருக்கிறான். புற்றைக் கடக்கும்போது "தாபி தாபி போ" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். 'கொஞ்சம் வழி விடுங்க ஐயா' என்று அர்த்தமாம். சொல்லாமல் மிதித்தால் கால் வீங்கிவிடும்.

அம்மாவுக்கு இந்தப் புற்றுக்காரரை மட்டும் பிடித்திருந்தது. "மரியாதை தெரிஞ்ச ஊரு" என்றாள். மற்றதெல்லாம் அவளுக்குப் பொழுதுபோகாதவர்கள் பேச்சு.

கடிதங்கள் செங்கல்பட்டில் என் ஆபீஸ் முகவரிக்கு வரும். எந்தத் துறைமுகத்தில் யார் தபாலில் போட்டார்களோ, மூன்று வாரத்திலும் வரும், ஆறு வாரத்திலும் வரும், பிந்தியது முந்தியும் வரும். அதனால் நான் அவருக்கு ஒரு ஒழுங்கு கற்றுக்கொடுத்திருந்தேன். மேலே தேதி. தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுத்து, கீழே வலது மூலையில் பக்க எண். உறைக்குள் ஒட்டிய சின்ன உறை ஒன்று இருந்தால் அது என் தங்கைக்கு மட்டும். மற்றதை நான் செங்கல்பட்டில் ஏறிய மின்சார ரயிலிலேயே படித்துவிடுவேன். பரனூர் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, காபி குடித்து, சத்தமாக ஒருமுறை படிப்பேன். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக் கேட்பாள். அம்மா துளசியும் சம்பங்கியுமாகத் தொடுத்துக்கொண்டே கேட்காததுபோல் கேட்பாள். என் வாழ்க்கையில் என் குரலுக்கு அவ்வளவு மதிப்பு இருந்த நாட்கள் வேறு இல்லை.

ஜூன் 18, வெள்ளிக்கிழமை. அன்று வந்த கடிதத்தின் நாலாம் பக்கத்தை ரயிலில் படித்துவிட்டு, சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்க மறந்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அந்தப் பக்கத்தில் இருந்தது மனனங்கல். பகலில் அழகான பெண். பொழுது சாய்ந்ததும் இடுப்போடு இரண்டாகப் பிரிவாள். கீழ்ப்பாதி வாழைத் தோப்பில் நின்றுகொண்டிருக்கும். மேல்பாதி வௌவால் இறக்கையோடு பறந்து, பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டின் கூரையில் இறங்கும். நூல் மாதிரி நாக்கைக் கூரை இடுக்கு வழியாக விட்டு, வயிற்றில் இருக்கும் குழந்தையின் உயிரை உறிஞ்சிக்கொள்ளும்.

எங்களுடையது ஓட்டு வீடு. என் தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம்.

நான் யோசிக்கவே இல்லை. நாலாம் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். மறுநாள் அது ஆபீஸ் மேஜை இழுப்பறைக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் மூன்றாம் பக்கத்தைப் படித்து முடித்து, இடையில் ஒரு வாக்கியத்தை நானே சொந்தமாகச் சேர்த்து, ஐந்தாம் பக்கத்துக்குப் போனேன். ஐந்தாம் பக்கத்தில் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது, பல்வலி தேவலை என்பது போன்ற சமாசாரங்கள். படித்துவிட்டு எப்போதும்போல் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று வாரத்தில் அவள் எடை ஏறவில்லை. சாப்பிட உட்காருவாள், பிசைவாள், எழுந்துவிடுவாள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உண்மையில் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூலை 9 மாலை, எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலில் கையைத் தட்டி, "போன்! கப்பல்லேர்ந்து போன்!" என்று கத்தினாள். மெதுவாகத் தங்கையை நடத்திக் கூட்டிப்போனேன். துறைமுகத்திலிருந்து பேசுகிறார். சத்தம் போட்டுப் பேசினால்தான் கேட்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இன்னா, ஒடம்பு எப்டிகீது? சாப்ட்றியா?"

"சாப்பிடறேன்."

"வாலு கட்டியாச்சா?"

என் தங்கை, "எந்த..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனில், நிதானமாக, "கட்டியாச்சு" என்றாள்.

"எங்க கட்டினீங்க?"

"எங்க கட்டச் சொன்னீங்களோ அங்கதான்."

"அப்பாடா. மச்சானாண்ட சொல்லு, கைய புட்ச்சி கண்ல ஒத்திக்கறேன்னு. லெட்டர் போட்டதுலேர்ந்து தூக்கமே இல்ல எனக்கு."

போனை வைத்துவிட்டு, எதிர்வீட்டு அம்மாளுக்குச் சிரித்த முகத்தோடு நன்றி சொன்னாள். தெருவைக் கடந்து எங்கள் வீட்டு வாசலுக்குள் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலாம் பக்கம் எங்கண்ணா?"

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"மூணுக்கு அப்புறம் அஞ்சு இருக்கு. நீதானே அவருக்கு நம்பர் போடச் சொல்லிக்குடுத்த? அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேக்க பயமா இருந்தது. அவருக்கு ஏதாவது வியாதியோன்னு நெனச்சேன். அப்புறம், டாக்டர் உங்கிட்ட ஏதாவது சொல்லி, நீ அவருக்கு எழுதி, அவர் அதுக்கு பதில் போட்டிருக்காரோன்னு. இந்தக் குழந்தையும் தங்காதுன்னு."

ஆபீஸ் சாவி என்னிடம் இருந்ததால் அடுத்த ரயிலிலேயே ஆபீசுக்குப் போய்ப் பக்கத்தை எடுத்து வந்தேன். அவள் விளக்கடியில் உட்கார்ந்து படித்தாள். பயமுறுத்தும் பாதிக்குக் கீழே, நான் பதற்றத்தில் சரியாகவே படிக்காத மறுபாதி இருந்தது. இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

'சமையல்காரர் மனைவிக்கும் செப்டம்பரில்தான் பிரசவம். அவர்கள் ஊரில் புருஷன்தான் வீட்டுக்கு வெளியே கத்தி வைத்துக்கொண்டு காவல் இருக்க வேண்டுமாம். அவர் இங்கே என்னோடு இருக்கிறார். அதற்குப் பதிலாகத் தம்பியிடம் சொல்லித் திருக்கை மீன் வாலைக் கூரை ஓரம் கட்டச் சொல்லியிருக்கிறார். அந்த வாலைக் கண்டால் அது கிட்டே வராதாம். மச்சான், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் போன இரண்டு தடவையும் நான் கடலில்தான் இருந்தேன். சதுரங்கப்பட்டினத்தில் திருக்கை கிடைக்கும். எனக்காகக் கட்டிவிடு. நான் நிற்க வேண்டிய இடத்தில் அது இருக்கட்டும்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கேட்டது: "அந்தம்மாவுக்கும் செப்டம்பரா? செப்டம்பர்ல என்னிக்காம்?"

"தெரியலையே."

"உனக்கே தேதி தெரியலையா?" என்று சொல்லிச் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். அந்த ராட்சசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நூல் மாதிரி நாக்கு அவளை ஒன்றும் செய்யவில்லை. காணாமல்போன ஒரு தாள்தான் செய்திருந்தது.

"அவர்கிட்ட கட்டியாச்சுன்னு சொல்லிட்டேன். இப்ப கட்டணும்" என்றாள்.

பூத்தொடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "மீன் வாலா? பெருமாளுக்கு மாலை கட்டற வீட்டுலயா?"

எங்கள் வீட்டு வாசற்படியை அதுவரை ஒரு முட்டைகூடத் தாண்டியதில்லை. நான் அம்மா பக்கம் பேசலாமா தங்கை பக்கம் பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கை சொன்னாள்: "கடல்ல இருக்கறவர் கேக்கறாரும்மா."

அம்மா நாரை முடிச்சுப் போட்டு அறுத்தாள். "வீட்டுக்குள்ள வேணாம். பின்பக்கம் ஓட்டுக்கு வெளியில கட்டு. கூரைலதானே வந்து உக்காருமாம் அது?" என்றாள்.

ஜூலை 11, ஞாயிறு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகும் பஸ் பிடித்தேன். சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த டச்சுக் கோட்டைக்குப் பக்கத்தில் மீன் வாங்குகிறவர்கள் கூட்டம். அதற்கு முன் அந்தக் கோட்டைக்கு நான் நாலு முறை போயிருந்தேன், கல்லறைகளில் உள்ள வருடங்களைக் குறித்துக்கொள்ள. மீன்காரர்கள் பக்கம் திரும்பியதில்லை. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடையோடு உட்கார்ந்திருந்த ஐம்பது வயது அம்மாளிடம் கேட்டேன்.

"திருக்கை வால் கிடைக்குமா?"

அவள் என் நெற்றி நாமத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பக்கத்துக் கூடைக்காரியிடம் திரும்பி, "இத்த பார்றி. மீனு வாணாமாம், வாலு மட்டும் வோணுமாம் சாமிக்கு" என்றாள்.

"எனக்கு இல்லம்மா."

"பின்ன, பெருமாளுக்கா?"

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு தங்கைக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு என்று சொன்னேன். இரண்டு தவறிவிட்டதையும் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அத்த மொதல்ல சொல்றதில்ல? வாலுலதான் முள்ளு கீது. குத்திச்சின்னா ஆளு காலி. போட்லயே அறுத்து கடாசிட்டு வந்துடுவாங்க. இங்க கெடைக்காது." எழுந்து சேலையை உதறினாள். "எங்க வூட்ல ஒண்ணு கீது. முள்ளு எடுத்தது. என் மருமவ முழுகாம இருக்கசொல்ல கட்டுனது. வா."

வால், விரித்த இரு கைகளைவிட நீளமாக, கறுப்பாக, சாட்டைபோல் இருந்தது. அதைக் கூரை எரவாணத்திலிருந்து இறக்கிப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். என்ன தரவேண்டும் என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டாள்.

"இன்னா தர்றியா? இது விக்கிற வாலு இல்ல. கொழந்த பொறந்து பேர் வச்சதும் பத்திரமா கொண்ணாந்து குடு. அடுத்து எவளுக்காவது வோணும்."

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை திருக்கழுக்குன்றம்வரை காலியாகவே இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்களும் அதில் உட்காரவில்லை.

வாலை மஞ்சள் துணியில் முடிந்து பின்பக்க ஓட்டின் ஓரம், தங்கையின் அறை ஜன்னலுக்கு மேலே கட்டினேன். இரவல் பொருள் என்பதால், கெட்டி அட்டையில் 'பெற்றது 11.7.1999, திருப்பியது' என்று எழுதி இரண்டாவதற்கு இடம் விட்டு நூலில் தொங்கவிட்டேன். மறுநாள் காலை அம்மா என்னை ஏணி போட்டு ஏறச்சொன்னாள். உடைந்திருந்த இரண்டு ஓடுகளை மாற்றவேண்டுமாம்.

"எதுக்கும்மா?"

"மழை வரும்."

ஆகஸ்ட் 11, புதன், ஆடி அமாவாசை. அன்று மாலை சூரிய கிரகணம். பிள்ளைத்தாய்ச்சி வெளிச்சம் படாமல் இருக்கவேண்டும் என்று அம்மா அறையைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, என் தங்கையை உள்ளே உட்காரவைத்தாள். நானும் அம்மாவும் கூடத்தில். உள்ளேயிருந்து திடீரென்று டங் டங் என்று சத்தம். என் தங்கை எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது?" என்று அம்மா கத்தினாள்.

"பாகுனாவாம்மா! கடல் பாம்பு. அதுதான் முழுங்குதாம். சத்தம் போட்டா துப்பிடுமாம். போன மாசக் கடுதாசியில வந்தது."

"இங்க ராகு கேதுதான். அதெல்லாம் தானா விட்டுடும். பேசாம இரு."

"யாரா இருந்தா என்ன, துப்பினா சரி!"

டங் டங் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து, "அங்க என்ன, கல்யாணமா?" என்று குரல் வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவள் தோள் சிரிப்பில் குலுங்கியதை நான் பார்த்தேன். கிரகணம் விட்டு எல்லோரும் குளித்தபின், என் தங்கை இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

செப்டம்பர் 17, வெள்ளி, காலை பத்து இருபதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. அழுதது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அழுகையைக் கேட்டபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று என் தங்கை இன்றும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். பார்த்தேன்தான். பார்த்திருக்காவிட்டால் பத்து இருபது யாருக்குத் தெரிந்திருக்கும்?

அடுத்து வந்த கடிதத்தில், கேட்காமலேயே, மூன்றாம் பக்கத்தில், சமையல்காரருக்கு மகன் என்று இருந்தது. தேதி போடவில்லை. மாப்பிள்ளைக்கு அதை எழுதிக் கேட்டு வாங்கினேன். செப்டம்பர் 9.

பேர் வைத்த மறுவாரம் வாலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அட்டையில் இரண்டாவது தேதியையும் எழுதியிருந்தேன். அந்த அம்மாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாது இது, ரேஷன் கார்டா?"

விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அதை அவிழ்க்கவில்லை. "கெடக்கட்டும்" என்று அப்படியே எரவாணத்தில் கட்டினாள்.

அதன்பிறகு சில வருடங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. மாப்பிள்ளை கப்பலை விட்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். பூதங்களின் வரத்து நின்றுபோயிற்று. என் நோட்டில் பாதிக்குமேல் காலி. தங்கை மகள் மட்டும் ஏரிக்கரைப் புற்றைக் கடக்கும்போதெல்லாம் "தாபி தாபி போ" என்பாள். அது எந்த ஊர்ப் பேச்சு என்று அவளுக்குத் தெரியாது; புற்றுக்கு அப்படித்தான் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

2003 மே மாதம், கோட்டையைக் காட்ட அவளைச் சதுரங்கப்பட்டினம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் வீட்டையும் தேடிப்போனேன். அடையாளம் கண்டுகொண்டாள். "இதான் அதுவா? இன்னா வளத்தி!" என்று குழந்தையின் கன்னத்தை வழித்தாள். எரவாணத்தில் வால் தொங்கியது. அதன் நூலில் என் அட்டை மட்டும் இல்லை. ஒரு கொத்தாக இருந்தது. சோப்புப் பெட்டி அட்டை, காலண்டர் அட்டை, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். வேறு வேறு கையெழுத்தில் பெற்ற தேதி, திருப்பிய தேதி.

"நீ எழுதுனத பாத்துட்டு அல்லாரும் எழுதிக் கட்றாளுங்க. எழுதுனாதான் ராசியாம். நா இன்னாத்த கண்டேன்?"

எண்ணினேன். என்னுடையதைச் சேர்த்து ஏழு. அப்படியே நின்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். ஆறாவதில் ஒரு தேதிதான் இருந்தது.

"இதுல திருப்பின தேதி எழுதலையே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொண்ணு வர்ல. அவ ஆத்தா வந்து குடுத்துட்டு போச்சு. எழுதச் சொல்ல மனசு வர்ல சாமி."

வீட்டுக்கு வந்ததும் என் தங்கை கதை கேட்க உட்கார்ந்தாள். அட்டைகளைச் சொன்னேன். சோப்புப் பெட்டியைச் சொன்னேன். அம்மாகூடத் தொடுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"மொத்தம் எத்தனை?" என்றாள் தங்கை.

ஆறு என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு" என்றேன். ஒரு தேதி மட்டும் இருந்ததையும் சொன்னேன்.

அவள், "என்ன தேதி?" என்று கேட்டாள். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.